ஊசி எழுதிய சீட்டு

கருவிகள் தம் வேலையைத் தாமே பார்த்து, தம் வழக்கையும் தாமே பேசித் தீர்த்துக்கொண்ட நாளில், ஓர் ஊரில் ஒரு கைத்தையல் ஊசி இருந்தது. தையற்கடை மேசையின் இழுப்பறைதான் அதற்கு வீடு. பித்தான் வைப்பதும் விளிம்பு மடித்துத் தைப்பதும் அதன் வேலை. நீளமான தையலை எல்லாம் இயந்திரம் எடுத்துக்கொண்டது.

ஒரு மழைக்காலத்தில் அடிக்கடி மின்சாரம் நின்றது. இயந்திரம் ஓய்ந்து கிடந்த அந்தப் பிற்பகல்களில், ஊசி மேசைக்கு அடியில் சிதறிக் கிடந்த வெட்டுத்துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று இணைத்தது. பள்ளிச் சீருடையின் நீலக் கட்டம், பேருந்து நடத்துநரின் காக்கி, செவிலியரின் வெள்ளை, குடைத்துணியின் கறுப்பு, ரவிக்கை ஒன்றில் மிஞ்சிய குங்குமச் சிவப்பு. மழை விட்டபோது நாற்பத்தொரு துண்டுகள் சேர்ந்து ஒரு போர்வை ஆகியிருந்தன.

ஊசிக்குத் துணையாக ஒரு நூல்கண்டு இருந்தது. அது சற்று வாயாடி.

"அக்கா, இதை மடித்து இழுப்பறையில் வைத்தால் அந்துப்பூச்சிதான் பார்த்து ரசிக்கும். காட்சிக்கூடத்துக்குக் கொண்டுபோவோம்."

"அங்கே பெரிய பெரிய வேலைகள் எல்லாம் வருமே?"

"வரட்டும். நாம் என்ன அவற்றின் தலைமேலா உட்காரப் போகிறோம்? சுவரில் ஓர் ஆணி போதும்."

காட்சிக்கூடத்தின் பொறுப்பு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியிடம் இருந்தது. ஊரில் எல்லோரும் அதைக் கண்ணாடியம்மாள் என்பார்கள். இருப்பதைக் காண்பது, கண்டதைச் சொல்வது. அதற்குமேல் ஒரு சொல் அதனிடம் கிடைக்காது. அது போர்வையின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. தையல் திரும்பும் மூலைகளில் நின்று பார்த்தது. கடைசியில், "நன்று" என்றது.

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது அடிக்கடி கேட்கும் சொல் அன்று.

"சுவரில் மாட்டலாம்" என்றது கண்ணாடி. "அதற்குமுன் செய்தவர் உரை வேண்டும். இதோ சீட்டு. என்ன செய்தாய், எதற்குச் செய்தாய் என்று எழுதித் தா. நண்பகல் மணி அடிக்கும்வரை இங்கேதான் இருப்பேன்."

"வேலையே எதிரில் இருக்கிறதே, அம்மா. உரை எதற்கு?"

"வேலை, தான் இருப்பதைச் சொல்லும். யார் செய்தது என்று அது சொல்லாது."

"எழுதாவிட்டால்?"

"'செய்தவர் அறியப்படவில்லை' என்று பதிவாகும். அப்படிப் பதிவான துணி சுவருக்குப் போகாது, கிடங்குக்குப் போகும். அங்கே நாற்காலிகளுக்குத் தூசி உறை பற்றாக்குறை."

ஊசி சீட்டை எடுத்துக்கொண்டு வாசற்பக்கம் வந்தது. உள்ளங்கை அகலமுள்ள வெள்ளைச் சீட்டு. நாற்பத்தொரு துண்டுகளுக்கு முன்னால் வராத அச்சம் அந்த ஒரு துண்டுத் தாளுக்கு முன்னால் வந்தது.

"என்னவென்று எழுதுவது? துணிக்குள் நுழைகிறேன், வெளியே வருகிறேன். முடிந்தபின் போர்வையில் தங்கியிருப்பது நீதான். நான் அதில் எங்கே இருக்கிறேன்?" என்று நூலிடம் கேட்டது.

நூல் பதில் சொல்வதற்குள், வாசலோரம் நின்றிருந்த கத்தரி சிரித்தது. அதுவும் அதே தையற்கடையைச் சேர்ந்ததுதான். கூடத்தில் சீட்டுகளை ஓரம் வெட்டிச் சீர்செய்ய அன்று வந்திருந்தது.

"கேட்டீர்களா கதையை! ஊசிக்குக் காது உண்டு, வாய் ஏது? காதை மட்டும் வைத்துக்கொண்டு உரை எழுதக் கிளம்பிவிட்டது."

"உங்களுக்கு வாய் மட்டும்தானே இருக்கிறது, அண்ணா?" என்றது நூல்.

ஊசி இருவர் பேச்சும் காதில் விழாததுபோல் நடந்தது. தாழ்வாரத்தின் கோடியில் ஒரு தட்டச்சுப்பொறி அமர்ந்திருந்தது. ஊரார் அனைவருக்கும் விண்ணப்பம், முறையீடு, வரவேற்பிதழ் எல்லாம் அதுதான் எழுதித்தரும். அது எழுதினால் எதையும் ஏற்றுக்கொள்வார்கள் என்று பெயர்.

"வா, அம்மா. செய்தவர் உரைதானே? காலையிலிருந்து இது எட்டாவது. பொருள் என்ன?"

"போர்வை, ஐயா. குடைத்துணிக் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு கிடந்தது. அதைப் பார்த்ததும்..."

"அதெல்லாம் வேண்டாம். கிடந்தது, பார்த்தது என்பதெல்லாம் வீட்டுப் பேச்சு. நோக்கம் சொல்."

"நோக்கம் என்று எதுவும்..."

"பரவாயில்லை. என்னிடம் தயாராக இருக்கிறது." தட்டச்சுப்பொறி மளமளவென்று அடித்தது. சீட்டு வெளியே வந்தது.

"இப்போர்வையானது பன்முகப் பண்பாட்டின் ஒருமைப்பாட்டைக் குறியீடாக உணர்த்தும் உயரிய நோக்குடன் நாற்பத்தொரு துணித்துண்டுகளைக் கொண்டு உருவாக்கப்பட்டுள்ளது."

ஊசி இருமுறை படித்தது. "அழகாக இருக்கிறது. ஆனால் இதில் நான் எங்கே, ஐயா?"

"'நான்' என்று எழுதினால் செருக்கு என்பார்கள். 'என்னால்' என்று போடலாம்; அதிலும் கொஞ்சம் செருக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அதையும் எடுத்துவிட்டேன். இப்போது ஒருவருமே இல்லை பார். இதற்குப் பெயர்தான் பணிவு."

பணிவு என்ற சொல்லைக் கேட்டதும் ஊசிக்கு மனம் நிறைந்தது. சிறு வயது முதல் அதற்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒரே நற்குணம் அதுதான். நன்றி சொல்லிவிட்டு உள்ளே விரைந்தது.

கண்ணாடியம்மாள் சீட்டை வாங்கி மேசைமேல் வைத்தது. அதன் பக்கத்தில் ஏற்கெனவே இன்னொரு சீட்டு இருந்தது. இரண்டின் மேலும் மாறி மாறி நின்றது.

"இதையும் படி" என்று அந்த இன்னொரு சீட்டை ஊசியின் பக்கம் தள்ளியது.

"இப்போர்வையானது பன்முகப் பண்பாட்டின் ஒருமைப்பாட்டைக் குறியீடாக உணர்த்தும் உயரிய நோக்குடன் நாற்பத்தொரு துணித்துண்டுகள் வெட்டப்பட்டு உருவாக்கப்பட்டுள்ளது."

"இது யாருடையது?" என்றது ஊசி.

"என்னுடையது. உனக்கு முன்பே தட்டச்சுப்பொறியிடம் எழுதி வாங்கிவிட்டேன்" என்றது கத்தரி, மெல்ல முன்னால் வந்து. "துண்டுகள் யாரால் வந்தன? நான் வெட்டாமல் துண்டு ஏது? துண்டு இல்லாமல் போர்வை ஏது? அந்தச் சீருடையின் கழுத்து வளைவைப் பார். அப்படி ஒரு வளைவு இந்த ஊரில் வேறு யாருக்கு வரும்?"

நூல்கூட அந்த வளைவைத் திரும்பிப் பார்த்தது. வளைவு உண்மையிலேயே அழகாக இருந்தது.

"போர்வை ஒன்று, சீட்டு இரண்டு" என்றது கண்ணாடி. "இரண்டிலும் வேலை நடந்திருக்கிறது. இரண்டிலும் ஆள் இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் யார் பெயரை எழுதுவது?"

"நான்தான் தைத்தேன், அம்மா" என்றது ஊசி.

"நீ வாயால் சொல்கிறாய். சீட்டில் அப்படி இல்லை. உரிமை உறுதியாகாத துணிக்கு என்ன விதி என்று காலையிலேயே சொன்னேன்."

கத்தரி தோளைக் குலுக்கியது. "சரி, கிடங்குக்கே போகட்டும். நாற்காலி உறைக்கு அளவெடுத்து வெட்டும் வேலை எப்படியும் எனக்குத்தானே வரும்?"

அதைக் கேட்டதும் ஊசி, மேசையில் மடித்து வைத்திருந்த போர்வையைப் பார்த்தது. கறுப்பும் சிவப்பும் சந்திக்கும் மூலை மேலே தெரிந்தது. அந்த இடத்தின் குறுக்கே கத்தரி போவதை அது மனத்தில் ஒருமுறை கண்டது.

"இன்னொரு சீட்டுத் தாருங்கள், அம்மா."

"தருகிறேன். இது கடைசி."

ஊசியும் நூலும் சன்னலோரம் வந்தார்கள். ஊசி சீட்டை எதிரில் வைத்துக்கொண்டு நின்றது.

"அக்கா, உயரிய நோக்கு, தாழ்ந்த நோக்கு எல்லாம் கிடக்கட்டும். மழைக்காலம் முழுவதும் நீ என்ன செய்தாய்? ஒரே சொல்லில் சொல்."

"தைத்தேன்."

"அதை எழுது."

"'நான்' என்று போடாமலா? போட்டால் செருக்கு, போடாவிட்டால் பழையபடி ஆள் இல்லாமல் போய்விடுமே."

"எங்கே போகும்? அந்தச் சொல்லுக்கு முன்னால் யாரையாவது நிறுத்திப் பார். 'கத்தரி தைத்தேன்.' ஒட்டுகிறதா? 'அவர் தைத்தேன்', 'அவர்கள் தைத்தேன்.' கேட்கவே சிரிப்பாக இல்லை? அந்தச் சொல்லுக்குள் நுழைய ஒருவருக்குத்தான் வழி. 'நான், நான்' என்று வாசலில் நின்று கூவ வேண்டியதே இல்லை. இதைத்தான் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்பார்கள்."

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"நான் நூல் அல்லவா, அக்கா?"

ஊசி அன்று முதன்முறையாகச் சிரித்தது. தோன்றாமலும் இருக்கலாம், எழுவாயாகவும் இருக்கலாம். துணிக்குள் போய்வரும் தனக்கு அது புதிய செய்தி அன்று; அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதுதான் புதிது.

மை எதுவும் அதனிடம் இல்லை. தனக்குத் தெரிந்த வழியில் எழுதியது. சீட்டில் புள்ளி புள்ளியாகத் துளையிட்டு, வளைவுகளில் நெருக்கமாகவும் நேர்கோட்டில் சற்று இடம்விட்டும், ஒரே ஒரு சொல்லைக் குத்தி முடித்தது. சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது எழுத்துகள் ஒளியாகத் தெரிந்தன.

தைத்தேன்.

"காட்டு பார்க்கலாம்" என்று பின்னாலிருந்து கத்தரி நீண்டது. சீட்டைப் பிடுங்கியதா, தவறிப் பட்டதா என்று பிறகு கேட்டபோது அதனாலேயே சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு சிறு ஓசை. சீட்டு இரண்டாகிக் கீழே விழுந்தது. ஒன்றில் 'தைத்' என்று இருந்தது. மற்றதில் 'தேன்' என்று இருந்தது.

கத்தரிதான் முதலில் தொடங்கியது.

"தேன்! பாருங்கள், ஊசி தேன் எடுத்திருக்கிறது! இத்தனை நாள் தையற்கடையில் தேனடை வைத்திருந்தாயா, அம்மணி? எங்களுக்கு ஒரு துளி தரக்கூடாதா?"

கூடத்தில் பலரும் சிரித்துவிட்டார்கள். தட்டச்சுப்பொறி தாழ்வாரத்திலிருந்து எட்டிப் பார்த்து, "நான் எழுதியதையே வைத்திருக்கலாம்" என்றது. நூல் கோபத்தில் தன்னையே சுற்றிக்கொண்டு சிக்கலாகிவிட்டது. கடைசிச் சீட்டு போய்விட்டது என்பது மட்டும்தான் ஊசிக்குப் புரிந்தது.

கண்ணாடியம்மாள் நகர்ந்து வந்தது. சிரிக்கவும் இல்லை, கடியவும் இல்லை. 'தேன்' என்று இருந்த துண்டின் மேல் குனிந்தது. வழக்கத்தைவிட நெடுநேரம் அங்கேயே நின்றது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

"இது தேன் அன்று" என்றது.

"எழுத்து அப்படித்தானே இருக்கிறது, அம்மா?" என்றது கத்தரி.

"மேலோட்டமாகப் படித்தால் அப்படித்தான். உள்ளே பார்க்கிறேன். த் என்னும் மெய்யின்மேல் ஏ என்னும் உயிர் ஏறியிருக்கிறது. இந்தத் த் சென்ற காலத்துக்கு உரியது. வேலை முடிந்தது என்று சொல்கிறது. அதை எடுத்து அப்பால் வைத்தால் மிஞ்சுவது இரண்டெழுத்து." சற்று நிறுத்தி, படித்தது. "ஏன்."

"அது தன்மை ஒருமை விகுதி" என்று தட்டச்சுப்பொறி திருத்தியது. "கேள்வி அன்று, அம்மா. எல்லா வினைமுற்றிலும் வரும்."

"விகுதி என்பது எனக்கும் தெரியும். நான் அதன் பெயரைச் சொல்லவில்லை. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன். எல்லா வினைமுற்றிலும் வராது. உங்கள் சீட்டில் 'உருவாக்கப்பட்டுள்ளது' என்று இருக்கிறதே, அதை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பார்த்துவிட்டேன். எங்கேயும் 'ஏன்' இல்லை. அங்கே யாரும் யாருக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அது இத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது போலும்."

தட்டச்சுப்பொறி தன் வரிசை எழுத்துகளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டது.

கண்ணாடி கத்தரியின் பக்கம் திரும்பியது. "நீ உன் சீட்டில் 'தைத்தேன்' என்று எழுதித் தர முடியுமா?"

கத்தரி வாயைத் திறந்தது. மூடியது. இன்னொரு முறை திறந்து மூடியது. "முடியாது" என்றது.

"ஆகவே போர்வை யாருடையது என்பது தீர்ந்தது." கண்ணாடி இப்போது ஊசியைப் பார்த்தது. "ஆனால் உன் உரை தீரவில்லை. அது கேள்வியில் முடிகிறது. நான் காலையில் கேட்டதும் அதுதான். மணி அடிக்கக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. ஏன் தைத்தாய்?"

"சீட்டுத் துண்டாகிவிட்டதே, அம்மா."

"துண்டானால் என்ன செய்வாய் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?"

ஊசி நூலைச் சிக்கெடுத்துக் கோத்துக்கொண்டது. தாள் துணி அன்று. நெருங்கித் தைத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். ஆகவே இழையை இறுக்காமல், நன்றாக இடைவெளி விட்டு, ஐந்தே தையலில் இரு துண்டுகளையும் சேர்த்தது. தைத்துக்கொண்டே பேசியது. கைக்கு வேலை இருந்ததால் அதற்குப் பேச்சு எளிதாக வந்தது.

"குடைத்துணிக் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துண்டு கிடந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது, கறுப்பு இன்னும் கறுப்பாகவும் சிவப்பு இன்னும் சிவப்பாகவும் தெரிந்தன. மறுநாள் துடைப்பம் வந்தால் இரண்டும் இரண்டு மூலைக்குப் போய்விடும். அப்படிப் பிரிய விட எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான், அம்மா. இது உயரிய நோக்கா என்று தெரியாது."

"நாற்பத்தொரு துண்டுகளுக்கும் இதுவே காரணமா?"

ஊசி பொய் சொல்லத் தெரியாமல் வளர்ந்தது. "இல்லை. முதல் இரண்டுக்கு மட்டும்தான் இது. மூன்றாவதாக அந்த வெள்ளை வந்தது; அது இல்லாமல் முதல் இரண்டும் சண்டைபோடுவதுபோல இருந்தன. அதன்பின் ஒவ்வொன்றுக்கும் முன்னதே காரணம் ஆயிற்று. பதினேழாவது காக்கித்துண்டை மட்டும் அங்கே ஏன் வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிரித்துப் பார்த்தேன், அது இல்லாமல் சரியாக இல்லை. திரும்பவும் தைத்துவிட்டேன்."

"அதையும் எழுது" என்றது கண்ணாடி.

"தெரியாததையுமா?"

"தெரியாது என்பது உனக்குத் தெரிந்திருக்கிறதே. எழுது."

ஊசி சீட்டின் எஞ்சிய இடத்தில் குத்திக் குத்தி எழுதியது. கடைசிப் புள்ளி வைத்துத் தலைநிமிர்ந்தபோது நண்பகல் மணி அடித்தது. கண்ணாடியம்மாள் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துவிடாமல் சத்தமாகப் படித்தது:

"தைத்தேன். கறுப்பின் அருகில் சிவப்பு கிடந்தது. பிரிய விட மனமில்லை. பிறகு ஒன்று மற்றொன்றை அழைத்தது. பதினேழாவது துண்டு ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்தால் சரியாக இல்லை. வெட்டியது கத்தரி."

கடைசி இரண்டு சொற்களைக் கேட்டபோது கத்தரி நிமிர்ந்து பார்த்தது. அதை எழுதச் சொல்லி யாரும் ஊசியைக் கேட்கவில்லை.

போர்வை சுவரில் ஏறியது. நடுவே தையல் ஓடும் சீட்டு அதன் பக்கத்தில், சன்னல் ஒளி பின்னிருந்து விழும்படி தொங்கியது. மாலையில் ஊரார் வந்தார்கள். மற்ற உரைகளைப் படித்துத் தலையசைத்துவிட்டு நகர்ந்தவர்கள் இந்தச் சீட்டின் முன்னால் நின்றார்கள். நின்று, போர்வையைப் பார்த்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.

"அந்த ஓரத்திலிருந்து எண்ண வேண்டும், அண்ணி."

"இல்லை, கறுப்பிலிருந்து. கறுப்புத்தானே முதல்?"

"பதினாறு, பதினேழு... இந்தக் காக்கியா? ஆமாம், இது ஏன் இங்கே?"

"கையால் மறைத்துப் பார். அப்போது தெரியும்."

மறைத்துப் பார்த்தார்கள். கையை எடுத்துப் பார்த்தார்கள். அதன்பின் தமக்குள் வெகுநேரம் வாதாடினார்கள். ஊசி நூலுக்குப் பின்னால் மறைந்து நின்று, தன் போர்வையைப் பற்றித் தனக்குத் தெரியாத காரணங்கள் நான்கைந்து கேட்டுத் தெரிந்துகொண்டது. அவற்றுள் ஒன்று உண்மையாக இருக்கலாம் என்று அதற்குத் தோன்றியது.

கூட்டம் குறைந்ததும் கத்தரி கண்ணாடியம்மாளின் மேசைக்கு வந்தது.

"எனக்கும் ஒரு சீட்டுக் கிடைக்குமா, அம்மா? போர்வைக்கு அன்று. அந்தக் கழுத்து வளைவுக்கு."

"கிடைக்கும். ஆனால் தட்டச்சுப்பொறியிடம் போகக்கூடாது."

"போகவில்லை."

கத்தரி சீட்டை வாங்கிச் சன்னலோரம் சென்றது. எழுதும் வழி அதற்கும் ஒன்று இருந்தது. தாளைக் கத்தரித்து எழுத்துகளை வெளியே எடுத்தது. வெட்டினேன் என்று ஒரு சொல் வந்தது. அந்தச் சொல்லின் கடைசியைப் பார்த்தபடி அது நெடுநேரம் வாயைத் திறக்காமல் நின்றது. அப்படி அதை யாரும் முன்பு கண்டதில்லை.

பிறகு, மிகவும் மெதுவாக, அடுத்த வரியைத் தொடங்கியது.